ஆடியில் மூன்று கல்யாணம்

திண்டிவனம்,
ஜூன் இரண்டாம் தேதி
(எண்ணில் எழுதாததன் காரணம் கீழே வரும்.)

மதிப்பிற்குரிய விழுப்புரம் பெரியப்பாவுக்குக் கலையரசி வணங்கி எழுதுவது. நீங்களும் பெரியம்மாவும் சுகம்தானே? உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நேற்று கோவிந்தம்மாள் அக்கா தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு நம் மண்டபத்துக்கு வந்தார். "ஜூலை எட்டு உங்களுக்கு இல்லை, அந்த நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்" என்று நான் சொல்லவில்லை. "காபி குடிக்கிறீங்களாக்கா?" என்றேன். மல்லாட்டைக் கடலை உரித்துத் தனியாளாக மகளை வளர்த்தவர். எட்டு மாதம் முன்பே நாள் பிடித்தவர். அவர் தந்த பத்திரிகையைப் பிரிக்கக்கூடத் தைரியமின்றி மேசை இழுப்பறைக்குள் போட்டேன்.

குயிலாப்பாளையத்து அமெரிக்கரிடம் நீங்கள் வாங்கித் தந்த லேப்டாப்பைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் பழைய கம்ப்யூட்டரிலிருந்த பட்டியலை அதில் திறந்தபோது அது தன் ஊர் வழக்கப்படி மாதத்தை முன்னாலும் நாளைப் பின்னாலும் வைத்துப் படித்திருக்கிறது, நமக்கு ஜூலை எட்டான 8/7 அதற்கு ஆகஸ்ட் ஏழு, பன்னிரண்டைத் தாண்டிய நாள்களை மாதமாக்க முடியாததால் வெறும் எழுத்தென்று கட்டத்தின் இடப்பக்கம் ஒதுக்கிவிட்டது. நினைத்து நினைத்து வியக்கிறேன், பெரியப்பா. பார்வைக்கு ஓர் எண்கூட மாறவில்லை. கல்யாணம் மட்டும் ஒரு மாதம் தள்ளிப் போய்விட்டது!

இது தெரியாமல் காலி நாள்களைப் பட்டியலிட்டு வாட்ஸப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பினேன். மறுநாளே கண்டமங்கலத்திலிருந்து தென்னரசு என்பவர் மூச்சிரைக்க வந்தார்.

"ஏம்மா, ஜூலை எட்டு காலியா இருக்குதா?"

"இருக்குங்க."

"ஜல்தியா என் பேர்ல போடு. பொண்ணு மாப்ள பேரெல்லாம் அப்பால சொல்றேன்."

போட்டேன்.

குட்டை உடைத்தவர் சமையல் கொளஞ்சி அண்ணன். முந்தாநாள் ஆகஸ்ட் பட்டியலை அவருக்குப் படித்துக் காட்டினேன். கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏம்மா, ஆடியில எவன் கண்ணாலம் பண்ணிக்கினு கீறான்? அதுல மூணு வேறயா?" எனக்கும் லேப்டாப்புக்கும் உறைக்காதது அவருக்கு ஒரு நொடியில் உறைத்தது.

அன்றைக்கே லேப்டாப்பின் ஊரை இந்தியா என்று மாற்றினேன். ஏற்கெனவே புரண்ட தேதிகள் அசையவில்லை. பழைய பட்டியலை மறுபடி எடுத்து, நாள், மாதம், ஆண்டு என்று வரிசையைச் சொல்லித் திறந்து, பிறகு வந்த பதிவுகளையும் சேர்த்தேன். எல்லாத் தேதிகளும் ஒழுங்காக வலப்பக்கம் வந்து நின்றன, ஆடி காலியானது. ஜூலை எட்டில் மட்டும் இரண்டு பேர் நின்றார்கள்.

நீங்கள்தான் தென்னரசு ஐயாவிடம் பேசி, அவரை வேறு நாளுக்கு மாறச் சொல்ல வேண்டும். தவறு என்னுடையது என்றே சொல்லுங்கள். பெரியம்மாவுக்கு என் அன்பு, உங்கள் இருவர் காலுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
கலையரசி

பி.கு.: உறையை ஒட்டும் முன் பத்திரிகையைப் பிரித்தேன். இத்தனை புத்தகம் படிக்கிறவள் இதை நேற்றே படித்திருக்கலாம். மணமகன் அரிபிரசாத், தந்தை தென்னரசு, கண்டமங்கலம். உடனே அவருக்குப் போன் செய்தேன்.

"காலின்னு உன் லிஸ்ட்ல பாத்தேம்மா. சம்மந்தியம்மாவால பணம் கட்ட முடியாம மண்டபத்த உட்டுட்டாங்கன்னு நெனச்சேன். கேட்டா கூச்சப்படுவாங்க. அதான் நானே கம்முனு புடிச்சேன்."

நீங்கள் அவரிடம் பேச வேண்டாம். அவர் பதிவை அழித்துவிட்டேன். கோவிந்தம்மாள் அக்காவிடம் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.