கொழுக்கி அண்ணை வாங்கிய கறுப்பு வண்டி

சுவிஸில் உள்ள தமிழர்களிலேயே, அடுத்தவன் காரின் முன்பக்கத்தை ஒருநாளும் பார்த்திராத ஒரே மனிதர் எங்கள் கொழுக்கி அண்ணைதான். ஷ்லீரனில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், யாருடைய காருக்காவது பின்னால் குந்தியிருந்து, கரவன் என்ற படுக்கை வண்டியை இழுக்கும் கொழுக்கி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பார். அவருடைய ஞானஸ்நானப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மனிதர் கரவனை முதலில் வாங்கிவிட்டு, அதை இழுக்கக் காரைப் பிறகு தேடினார். அவருடைய சொந்தக் காரை அந்தக் கரவனுக்குள்ளேயே நிறுத்திவிடலாம், அவ்வளவு சின்னது.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் அவருடைய மனைவி திரேசா அக்கா. மன்னார்க் கடற்கரையில் வளர்ந்தவர். டாவோஸ் ஹோட்டல் குசினியில் குனிந்து கோப்பை கழுவியே முதுகு போய்விட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் உடனே படுக்க வேண்டும். பஸ்ஸோ விமானமோ சரிவராது. முள்ளந்தண்டில் ஒப்பரேசன் வரப்போகிறது. அதற்குப் பிறகு எப்படி நடப்பார் என்று டொக்டராலும் சொல்ல முடியவில்லை. அதற்கு முன் ஒருமுறை கடலில் கால் நனைக்க வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார். வழிநெடுக நிறுத்தி, கரவனில் படுத்தெழும்பி இத்தாலிக்குப் போவதென்று ஏற்பாடு.

அதற்குப் பிறகு எங்கள் ஒருவருடைய காருக்கும் நிம்மதியில்லை. என் புதுக் காரின் பின்பம்பரில் ஏறி நின்று குதித்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“என்ன அண்ணை செய்யிறியள்?”

“பின்பக்கம் எவ்வளவு பதியுது எண்டு பாக்கிறன் தம்பி. கரவன் இதிலதான் பாரம் போடும். உம்மட கார் பாயசத்தில விழுந்த அப்பளம்!”

அண்ணையின் மகளைப் பெண் பார்க்க வின்டர்தூரிலிருந்து ஒரு பொடியன் வந்தான். வேலையைப் பற்றியும் விசாவைப் பற்றியும் கேட்பார்கள் என்று தயாராக வந்தவனிடம் அண்ணை கேட்ட முதல் கேள்வி: “தம்பி, உங்கட கார் எத்தினை கிலோ இழுக்கும்?”

“அது எலெக்ட்ரிக் அங்கிள். இழுக்க அனுமதியில்லை.”

அண்ணை தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தச் சம்பந்தம் முறியாமல் தப்பியது திரேசா அக்காவால்தான்.

“இழுக்கிறது பெரிய வேலையில்லை,” என்று அண்ணை எனக்குப் பாடம் எடுத்தார். “கொத்தார்ட் மலை இறக்கத்தில கரவன் பின்னுக்கிருந்து தள்ளேக்க பிடிச்சு நிக்கோணும். அதுக்குக் கார் பாரமா இருக்கோணும்.”

பிறகு ஒரு ஞாயிறு. கோவில் வாசலில் கறுப்பாய், நீளமாய், கண்ணாடிக்கு வெள்ளைத் திரை போட்ட வண்டி ஒன்று வந்து நின்றது. யாரோ செத்துப்போனார்கள் என்று எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டோம். கதவைத் திறந்து சிரித்தபடி இறங்கியவர் கொழுக்கி அண்ணை!

“அண்ணை, பிரேத வண்டியையே வாங்கினனியள்?”

“ஓம். நல்ல பாரம், நல்ல பிறேக், கொழுக்கியும் இருக்கு. பிறந்ததிலயிருந்து மெல்லமாத்தான் ஓடினது. பின்னுக்கு வந்த ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லை.”

பாதிரியாரே வாயைப் பிளந்தபடி நின்றார். திரேசா அக்கா வண்டியைச் சுற்றிப் பார்த்தார். “நான் இதில ஒருக்காத்தான் ஏறுவன். அது இப்ப இல்லை.”

அண்ணையின் முகம் சுருங்கிப்போனது. ஒப்பரேசனுக்கு முன் வேறு வண்டி தேட இனி நாளில்லை. பின்கதவைத் திறந்தார். உள்ளே ஏறினார். நீட்டி நிமிர்ந்து படுத்து, நெஞ்சில் கைகளைக் கோத்துக் கண்ணை மூடினார்.

“எங்கட வீட்டில முதல் ஏறவேண்டியவன் ஏறிட்டன். இனிப் பயமில்லை. நீர் முன்னுக்கு இரும்.”

முதுகைப் பிடித்துக்கொண்டு அக்கா ஓடினார். அண்ணையின் காலைப் பிடித்து இழுத்தார்.

“ஐயோ, எழும்புங்கோப்பா!”

“முன்னுக்கு ஏறுவீரோ?”

“ஏறுறன்! ஏறுறன் எண்டுறன், கண்ணைத் திறவுங்கோ!”

அடுத்த கிழமையே போனார்கள். இத்தாலியிலிருந்து எனக்கு ஒரு வீடியோ வந்தது. திரேசா அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி முழங்காலளவு தண்ணீரில் நிற்கிறார். கரையில் பிரேத வண்டியும் கரவனும். அதைப் பார்த்துச் சிலுவை போடும் ஒரு இத்தாலியக் கிழவர். அண்ணை படத்தில் இல்லை, குரல் மட்டும் கேட்கிறது: “போதும் எண்டு வந்திடாதையும் திரேசா. இன்னும் கொஞ்சம் நில்லும்.”

அந்தக் குரல் உடைந்திருந்தது. அந்த மனிதரில் எனக்கு எவ்வளவு பாசம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.