சிறு விளக்கை எரியவிடுதல் – தொடர்பாக

"அந்தப் பச்சையைத் தூக்கி மேலே வைங்க," என்றார் பிரிவுத் தலைவர். "என்னோடது எதுக்குக் கீழே கிடக்கு?"

ஆசிரியை கணினித் திரையைப் பார்த்தாள். கட்டளை எழுதிய வண்ணக் கட்டைகளை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினால் அதுதான் நிரல். மேலே 'பொத்தானை அழுத்தினால்' என்ற மஞ்சள் கட்டை. அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது 'விளக்கை எரியவிடு' என்ற பச்சைக் கட்டை. அது பிரிவுத் தலைவர் தன் கையால் இழுத்து வைத்தது.

"முதல்ல அழுத்தணும் சார். அப்புறம்தான் எரியும்."

"அழுத்தப்போறது யாரு?"

"விழாவுக்கு வர்ற சிறப்பு விருந்தினர்."

பிரிவுத் தலைவர் சற்று யோசித்தார். "அப்ப சரி. அவர் மேலேயே இருக்கட்டும்."

அந்த அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் முதல் இயக்குநர் ஈறாக அனைவரும் மின்னணுவியலும் நிரலாக்கமும் அடிப்படையிலிருந்து கற்று, தாமாகவே சிந்திக்கும் திறனை அடைய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. தாமாகவே சிந்திக்கலாமா என்று கேட்டு எழுதி, சிந்திக்கலாம் என்று பதில் வந்த பிறகு, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆசிரியையை ஒப்பந்த அடிப்படையில் அழைத்துக்கொண்டார்கள். அவள் பள்ளியில் குழந்தைகள் மணி அடிப்பதற்குள் கட்டைகளை ஒட்டி, விளக்கை எரிய வைத்து, அதைக் கண்ணடிக்கவும் வைத்துச் சிரிப்பார்கள். இங்கே முதல் வகுப்பு, யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதிலேயே முடிந்தது.

ஆனால் அவர்கள் மக்குகள் என்று சொல்லிவிட முடியாது. விளக்கின் இரண்டு கால்களில் ஒன்று நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருக்கும், நீளமானதைத்தான் பிளஸ்ஸில் செருக வேண்டும் என்று அவள் சொன்னபோது ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. மூப்பு என்றால் அவர்களுக்குப் புரியும். கட்டையை இழுப்பதும் சீக்கிரமே கைவந்துவிட்டது. இழுப்பதில் அவர்களுக்கு முன்னனுபவம் இருந்தது. கொஞ்ச நாளில் எல்லோர் சட்டையிலும் 'நானும் நிரலாளர்' என்ற வட்ட வில்லை ஏறியது. இயக்குநர் எந்தக் கூட்டத்திலும் அல்காரிதம் என்ற சொல்லைச் சொல்லாமல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தட்டச்சர் தன் விடுப்பு மனுவில், 'காய்ச்சல் எனில் விடுப்பு, இல்லையெனில் அரைநாள் விடுப்பு' என்று எழுதி, அது புதுமைக்காக உடனே அனுமதிக்கப்பட்டது.

ஒரே ஒரு சங்கடம்தான் நடந்தது. வராதவர்கள் சிலருக்காக ஆசிரியை ஒரு பாடத்தை இன்னொரு முறை நடத்திவிட்டாள். முடிந்ததாகப் பதிவான பாடத்தை அனுமதியின்றி மறுபடியும் முடித்தது ஏன், முதலில் முடிந்தது பொய்யா என்று அவளிடம் விளக்கம் கேட்டார்கள். தலைமை எழுத்தர்தான் உட்கார்ந்து அவளுக்காகப் பதில் எழுதிக்கொடுத்துக் காப்பாற்றினார். அன்றிலிருந்து அவள் அவரை அண்ணே என்று கூப்பிட்டாள்.

பயிற்சியின் நிறைவு விழாவில் சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்த, ஊழியர்களே செய்த விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் ஆசிரியைக்கு வேலை நிரந்தரம். எரியாவிட்டால் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு சரி. அலுவலகக் குடியிருப்பில் கொடுத்திருந்த வீட்டையும் காலி செய்ய வேண்டும். வந்த நாள் முதல் அவளுடைய மாமியார் அந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க விடவில்லை. சுவர்க்கடிகாரம் தரையில் சாய்ந்து கிடந்தது. மணி பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். "நிலைக்கிற வீடுன்னு தெரியட்டும், அப்புறம் அடிக்கலாம்" என்பார் அத்தை. குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டதாக அவளுடைய கணவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்த நிலையில்தான் அவள், விளக்கைக் கண்ணடிக்க வைப்பதற்காக, ஆரஞ்சு நிறக் கட்டையை அறிமுகப்படுத்தினாள். அதில் 'காத்திரு' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் எவ்வளவு நேரம் என்று நிரப்பிக்கொள்ள ஒரு வெற்றுக் குழி.

வகுப்பு அமைதியானது. இதுவரை எந்தக் கட்டைக்கும் கிடைக்காத மரியாதை அது.

"இதை முதல் நாளே காட்டியிருக்கக் கூடாதா?" என்றார் பிரிவுத் தலைவர்.

எதைக் கேட்டு யார் வந்தாலும் 'ஒரு நிமிஷம்' என்பது அவர் வழக்கம். அதனால் அவருக்கு ஒருநிமிஷம் என்றே பெயர். அவர் மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் அந்தக் கட்டையைச் செருகி, குழியில் ஒரு நிமிடம் என்று நிரப்பினார். அழுத்திய உடனே எரிந்துவிட்டால் இத்தனை பேர் சேர்ந்து என்னதான் செய்தீர்கள் என்ற கேள்வி வராதா என்பது அவர் வாதம். ஒரு நிமிடம்தானே, அந்த நேரத்தில் வரவேற்புரையில் ஒரு பத்தியைப் படித்துவிடலாம் என்று ஆசிரியையும் விட்டுவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது.

செய்தி துணை இயக்குநர் காதுக்குப் போயிற்று. அந்தக் கட்டடத்தில் ஒருவருடைய பதவியை அறிய அறைக்கதவில் இருக்கும் பலகையைப் படிக்க வேண்டியதில்லை. அவர் அறை வாசலில் ஆட்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். பிரிவுத் தலைவரே ஒரு நிமிடம் காக்க வைக்கும்போது துணை இயக்குநர் ஒன்றுமே காக்க வைக்காமல் இருந்தால் ஊர் என்ன சொல்லும்? அவர் தமக்கென ஓர் ஆரஞ்சுக் கட்டையை வரவழைத்து ஐந்து நிமிடம் போட்டார். இணை இயக்குநர் யோசிக்கவே இல்லை, அதை இரட்டிப்பாக்கினார். இயக்குநர் எளிமையானவர். "எனக்கெல்லாம் எதுக்குங்க பெரிசா," என்று சொல்லிவிட்டு அரை மணியோடு நிறுத்திக்கொண்டார்.

ஆசிரியை பிரிவுத் தலைவரிடம் ஓடினாள்.

"சார், இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கூடும். விருந்தினர் அழுத்திட்டு, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வச்சாக்கூட விளக்கு எரியாது."

"கூடட்டுமே. நாங்க எல்லாரும் ஒண்ணு கூடித்தானே வேலை செய்யறோம்."

"ஒண்ணு ரெண்டையாவது எடுத்துடலாம் சார்."

"தாராளமா. யாரோடதை எடுக்கலாம்னு நீங்களே இயக்குநர்கிட்ட போய்ச் சொல்லுங்க. சார், உங்க கட்டை அதிகப்படின்னு."

ஆசிரியை போகவில்லை. அதற்குப் பதிலாக, ஆளில்லாத நேரம் பார்த்து ஆரஞ்சுக் கட்டைகளை உருவிவிட்டு நிரலை மாற்றி ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தாள். நல்ல முடிவுதான். ஆனால் மதியம் அவள் வந்து பார்த்தபோது தலைமை எழுத்தர் நிரல் ஏற்றியிருந்த மின்சுற்றுப் பலகையை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து மூடி, விளிம்பெல்லாம் அரக்கு உருக்கி ஊற்றி, முத்திரை குத்திக்கொண்டிருந்தார். பொத்தானும் விளக்கும் மட்டும் வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தன. பின்பக்கம் ஒரு கம்பி தொங்கியது.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

"இயக்குநர் ஒப்புதல் கொடுத்த நிரல் தங்கச்சி. யாராவது கை வச்சுட்டா? கரண்ட் போறதுக்கு மட்டும் வழி விட்டிருக்கேன்," என்றார் அவர், அன்போடு.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. கம்பியைச் சுவரிலிருந்த பிளக்கில் செருகிவிட்டு, ஆசிரியை மேடையின் ஓரத்தில் நின்றாள். சிறப்பு விருந்தினர் எழுந்தார், புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தார், சிரித்தபடியே பொத்தானை அழுத்தினார். மேடையில் இருந்த எல்லோரும் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள். விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர், ஒருவர் ஆசிரியை, மற்றவர் புகைப்படக்காரர்.

"சார், லைட் எரியலையே," என்றார் புகைப்படக்காரர்.

"ஒரு நிமிஷம்," என்றார் பிரிவுத் தலைவர்.

அந்த நிமிடம் போயிற்று. விளக்கு, உள்ளே, துணை இயக்குநருக்காகக் காத்திருக்கத் தொடங்கியது. விருந்தினருக்கு இன்னொரு விழா இருந்தது. புகைப்படக்காரர் அனுபவசாலி, படத்தைக் கைப்பேசித் திரையில் பெரிதாக்கி, விளக்கு இருந்த இடத்தில் கட்டைவிரலால் கொஞ்சம் மஞ்சள் நிறத்தைத் தடவினார். இயக்குநர் எட்டிப் பார்த்து இன்னும் சற்றுப் பிரகாசமாக இருக்கலாம் என்றார். தடவினார். விருந்தினரிடம் காட்டினார்கள்.

"அட, என்னமா எரியுது," என்றார் அவர். நிஜ விளக்கு அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை முழங்கையால் சற்று நகர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

ஒளியைப் பற்றி அவர் பேசினார். இருள் என்ற வார்த்தை வந்த இடங்களில் எல்லாம் கைதட்டினார்கள். கட்டைகளைத் தங்கள் கையாலேயே ஒட்டிய ஊழியர்களும் தட்டினார்கள். அவர்களுக்கு மனசாட்சி உறுத்தவில்லை. விளக்கு பரிசீலனையில் இருந்தது, அவ்வளவுதான். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

தலைமை எழுத்தர் மட்டும் ஆசிரியையிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, நல்ல சேதி என்றார். அவளுடைய நிரந்தர ஆணை தயார். 'விளக்கு எரிந்தமையால்' என்றுதான் முதல் வரியே தொடங்குகிறது. இயக்குநர் சாப்பிட்டுக் கை கழுவியதும் கையெழுத்து.

"எரியலையேண்ணே."

"அதை ஏன் இப்ப சொல்றீங்க?" உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"ஆனா எரியும்ணே. நேரம் முடிஞ்சதும் கண்டிப்பா எரியும்."

அவர் முகம் மாறிவிட்டது. "மறுபடியுமா?"

"மறுபடி இல்லேண்ணே, இதுதான் முதல்..."

"தங்கச்சி, எரிஞ்சாச்சு. படம் பத்திரிகைக்குப் போயாச்சு. எரிஞ்ச விளக்கு அனுமதியில்லாம இன்னொரு தடவை எரிஞ்சா, அப்ப முதல் தடவை எதுன்னு கேப்பாங்க. அந்தப் பாடத்துக்கு நீங்க பட்டது மறந்துபோச்சா? இந்தத் தடவை பதில் எழுத என்னால ஆகாது."

அவர் சாப்பிடப் போய்விட்டார். ஆட்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். ஆசிரியையின் கைப்பேசி அடித்தது. அத்தை.

"என்னம்மா, எரிஞ்சுதா?"

அவள் பெட்டியைப் பார்த்தாள்.

"எரிஞ்சுடுச்சு அத்தை."

"அப்ப ஆணி அடிக்கச் சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க."

அத்தை கைப்பேசியை எங்கோ வைத்துவிட்டு மகனைக் கூப்பிடுவது கேட்டது. சுத்தியல் எங்கே என்று அவன் கேட்டான். குனிஞ்சு பாரு என்றார் அத்தை. ஆசிரியை இணைப்பைத் துண்டிக்காமல் அப்படியே நின்றாள்.

அப்போது விளக்கு எரிந்தது. மிளகளவு விளக்கு, மஞ்சள் வெளிச்சம். ஒருவரையும் விட்டுவிடாமல், வைத்த வரிசைப்படி எல்லோருக்காகவும் காத்திருந்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டு, அசையாமல் எரிந்தது. குழந்தைகள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் கத்தியிருப்பார்கள்.

வாசலிலிருந்து பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். "வாங்கம்மா சீக்கிரம், சார் பேனாவைத் திறந்துட்டார்."

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் ஆசிரியை.

சுவரோரம் போய்ப் பிளக்கிலிருந்து கம்பியைப் பிடுங்கினாள், விளக்கு அணைந்தது. பெட்டியிலிருந்தும் கம்பியை உருவி, கையில் சுற்றிச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கைப்பேசியில் ஆணி இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.