கண்டம் விழுங்கும் மீன்

மீன் ஜோசியர் கடை திறக்கும் முன்பே வாசலில் கூட்டம். பார்வைக்கு அது அலங்கார மீன் கடைதான். ஆனால் அவர் விற்பது மீன் அல்ல, ஆயுள்! சிவப்பு வால் மீன் உங்கள் கண்டத்தை விழுங்கி, உங்களுக்குப் பதிலாகத் தான் செத்துப்போகும். சாகாவிட்டால்? அந்தக் கவலையே வேண்டாம். ஜோசியரின் மீன் யாரையும் ஏமாற்றியதில்லை, மறுநாளே மிதந்துவிடும்.

மிதந்தால் வீட்டில் கொண்டாட்டம். லாரி டிரைவர் பெரிய விபத்திலிருந்து தப்பினார். எந்த விபத்து என்று அவருக்கே தெரியாது. தலைமையாசிரியர் வீட்டில் ஆளுக்கொரு மீன், பூனைக்கும் ஒன்று. பூனை அதை விழுங்கிவிட்டது, கண்டத்தோடு சேர்த்து.

தையல் கடை அம்மாள் வாராவாரம் வாங்கினார். அவர் மருமகளுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவளுடைய அப்பா மலை ஓடையில் இதே மீனைப் பிடித்து விற்பவர். முட்டையிடும் பருவத்தில் வலையைத் தொடமாட்டார். ஊருக்கு அந்த மீன் சோறு போட்டதால்தான், அதற்கு நிழல் தரும் கரை மரங்களில் கோடரி படாமல் ஊரே காவல் காத்தது. இப்போது ஜோசியரின் ஆட்கள் சினையும் குஞ்சுமாக வாரிப்போக, ஓடையில் வெறும் தண்ணீர்தான் ஓடுகிறதாம். அப்பா ஃபோனில் அழுதிருந்தார்.

மீனோடு ஒரு புட்டி மந்திரத் தண்ணீரும் உண்டு. அதைத் தொட்டியில் ஊற்றினால்தான் மீனின் கண்ணுக்குக் கண்டம் தெரியுமாம்! அடுத்த முறை மாமியாரோடு மருமகளும் போனாள். புட்டியை வாங்கியவள் நேராக ஜோசியரின் சொந்தத் தொட்டியருகே நின்றாள். அதில் அவர் ஆசையாக வளர்க்கும் அதே சிவப்பு வால் மீன்கள், கொழுகொழுவென்று.

“ஊருக்கே கண்டம் தீர்க்கிறீங்க. உங்க கண்டத்தை யாருங்கய்யா தீர்க்கிறது?” என்று மூடியைத் திருகினாள்.

ஜோசியர் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். “ஊத்தாதேம்மா, எல்லாம் செத்துடும்.”

மருமகள் கையை விடுவித்துக்கொண்டாள்.

“சாகட்டுமே. செத்தா நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

மாமியார் புட்டியை வாங்கி முகர்ந்தார். முகம் கோணியது. “அடிப்பாவி, நாம கக்கூஸ் கழுவுறது இதாலதாண்டி.”

ஜோசியர் பின்வாசலைத் தேடினார். அங்கே லாரி டிரைவர் நின்றிருந்தார். அன்று ஜோசியருக்கு வந்த கண்டத்தை எந்த மீனும் விழுங்கவில்லை.

கொழுத்த மீன்களை மருமகள் அப்பாவிடம் சேர்த்தாள். அவர் தொட்டி கட்டிக் குஞ்சு எடுக்கிறார். ஓடைக்கு வலை போகாமல் ஊரே காவல் நிற்கிறது. தலைமையாசிரியர் மட்டும், கண்டத்துக்கு ஆமை நல்லதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கடுகளவு மூளையுள்ள மீன்கூட, ஒருமுறை வலைக்குத் தப்பினால் அந்தப் பக்கம் போக யோசிக்கிறது. நம் கழுத்துக்கு மேல் இருப்பது தொப்பி மாட்ட மட்டுமா, ஐயா?