‘பாரந்தூக்கியின் பழி’க்கு ஒரு வாசகி

மனித குலத்தைக் காப்பாற்றுவது என்று கனகசுந்தரம் தீர்மானித்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். வேறு வேலையும் இல்லை. நாவல் எழுதத் தொடங்கினார். பெயர் ‘பாரந்தூக்கியின் பழி’. காலம் 2041. திருகோணமலைத் துறைமுகத்துப் பாரந்தூக்கி இயந்திரங்களுக்கெல்லாம் சொந்தப் புத்தி வந்துவிடுகிறது. ஆளில்லாத கப்பல்கள் துறைமுக வாசலை மறிக்கின்றன. நகரம் முழுக்க இரும்பின் அட்டகாசம். எதிர்த்து நிற்பது ஒரேயொரு கிழட்டுக் கிளாக்கர்.

அதே கிழமையில் அவர் மனைவி கோணேஸ்வரி உடுப்புத் தோய்க்கும் மெசின் கேட்டதுதான் பொல்லாத காலம்.

"இஞ்சாருங்கோ, எனக்கு மணிக்கட்டு உளையுது. உடுப்புப் பிழியவே ஏலாமக் கிடக்கு. றுமைஸ் தம்பியின்ர கடையில நல்ல மெசின் வந்திருக்காம்."

"என்ன மாதிரி மெசின்?"

"உடுப்பைத் தானாவே நிறுத்து, தானாவே தண்ணி எடுக்குமாம்."

கனகசுந்தரம் பேனையைக் கீழே வைத்தார். "தானாவே! இண்டைக்குத் தண்ணி எவ்வளவு எண்டு அது முடிவெடுக்கும். நாளைக்கு?"

"நாளைக்கும் தண்ணிதான் எடுக்கும்."

"உமக்கு விளங்காது. ஒரு கையால மெசினைத் திட்டி எழுதிக்கொண்டு மற்றக் கையால மெசின் வாங்கேலாது. நாவல் முடியுமட்டும் புத்தியுள்ள மெசின் ஒண்டும் இந்த வீட்டுப் படி ஏறாது."

"அப்ப உங்கட தலைக்கு மேல சுத்துறது?"

"ஃபேனுக்குப் புத்தியில்லை. அதால ஆபத்தில்லை."

"ஓம், புத்தியில்லாததுகளோட முப்பத்திரண்டு வருசம் சமாளிச்சாச்சுத்தானே" என்றுவிட்டு அவள் அழுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். ஃபேனைத்தான் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

எழுதினால் மட்டும் போதுமா? வாசிக்க ஆள் வேண்டும். பின்னேரம் ஒவ்வொரு அத்தியாயமாகக் கோணேஸ்வரியிடம் நீட்டினார்.

"வாசிச்சிட்டு என்ன நினைக்கிறீர் எண்டு சொல்லும்."

"நேர சொல்ல வெக்கமாக் கிடக்கு. எழுதித் தாறன்."

மறுநாள் காலைத் தேத்தண்ணீரோடு ஒரு கொப்பி வந்தது. அவளுடைய குண்டு குண்டான எழுத்து. ‘தொழில்நுட்பத்தின் ஆபத்தை மிகவும் ஆழமாக வெளிப்படுத்தியுள்ளீர்கள். முதன்மைப் பாத்திரத்தின் தனிமை மனத்தைத் தொடுகிறது. பாராட்டுகள்.’

அவருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. இப்படியொரு விமர்சகியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு இத்தனை காலம் புளிக்குழம்பைப் பற்றி மட்டும் கதைத்தேனே என்று மனம் நொந்தார். பதினொரு நாளும் பதினொரு பாராட்டு. அந்தத் தெம்பில்தான் பன்னிரண்டாம் அத்தியாயத்தை எழுதினார்.

அதில் பாரந்தூக்கிகளிடையே அகப்பட்ட கிளாக்கர் தன் மனைவியை நினைக்கிறார். அவள் பெயரும் கோணேஸ்வரி. ‘உப்புக்காற்றுப் பட்ட என் சேட்டுகளை முப்பத்திரண்டு வருடம் கையால் தோய்த்தவள். கை நோகிறதா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.’ கனகசுந்தரம் முகத்துக்கு நேரே மன்னிப்புக் கேட்டுப் பழகாத மனுசன். எழுதும்போது அவருக்கே கண் கலங்கியது. எழுதி முடித்ததும் தோய்த்து மடித்த சாரத்தில் மூக்கைத் துடைத்தார்.

மறுநாள் தேத்தண்ணீரைத் தொடாமலே கொப்பியைத் திறந்தார்.

‘கோணேஸ்வரி என்னும் பாத்திரம் மிகவும் இயல்பாக உள்ளது. அவர் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவதா?’

அவர் மூன்று தரம் வாசித்தார். பிறகு குசினிக்குப் போனார்.

"இதை ஆர் எழுதினது?"

"எழுத்து என்ரதுதான்."

"கேள்வி?"

கோணேஸ்வரி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "சோபனா போன தரம் வரேக்க என்ர ஃபோனில ஒண்டு போட்டுத் தந்தவள். பேப்பரைப் படம் எடுத்துக் குடுத்தா அதுவே வாசிச்சுக் கருத்துச் சொல்லும். நான் பாத்து எழுதினனான்."

மகள் செய்த வேலையா! "அப்ப என்ர நாவலை மெசினே வாசிச்சது?"

"எனக்கு நேரமெங்க? விடியச் சமையல், பிறகு கிணத்தடி. நாலு சேட்டைக் கசக்கினாக் கொப்பியைப் பிடிக்கவும் கையில பெலமில்லை."

கோபிக்கத்தான் வந்தார். ஆனால் அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணி கண்ணில் பட்டது. எத்தனை நாளாகச் சுற்றியிருக்கிறாளோ, தெரியவில்லை. எதிர்காலத்து ஆபத்தையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியவன் குசினிக்குள் எட்டிப் பார்க்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. எழுதியது போய்ச் சேரவுமில்லை என்பது அதைவிடப் பெரிய துக்கம். சேட்டை மாட்டிக்கொண்டு நேரே றுமைஸின் கடைக்கு நடந்தார்.

"வாங்க சேர்" என்றான் றுமைஸ். "ஒண்டு கட்டித் தயாரா வச்சிருக்கன். இண்டைக்கு நீங்க வருவீங்கண்டு அக்கா விடியவே கோல் எடுத்துச் சொன்னாங்க."

இருந்த கவலையில் அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பின்னேரம் கிணற்றடித் தாழ்வாரத்தில் மெசின் சுழன்று ஓடத் தொடங்கியது. கோணேஸ்வரி கதிரையில் கால் நீட்டி இருந்தாள். கனகசுந்தரம் பன்னிரண்டாம் அத்தியாயத்தோடு மெல்ல வந்தார்.

"இப்ப நேரமிருக்குத்தானே? இதை மட்டும் ஒருக்கா வாசியும்."

"அதை நேற்றே ரெண்டு தரம் வாசிச்சனான்."

"ஆ?"

"படம் எடுக்கேக்க என்ர பேர் கண்ணில பட்டது. இருந்து வாசிச்சன்."

"பிறகேன் அந்தக் கேள்வி?"

"அந்தக் கேள்வியை நான்தான் போட்டனான். 2041இல இருந்துகொண்டு கை நோகுதோ எண்டு கேட்டா எனக்கு என்ன பிரயோசனம்?"

அவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவள் கையை எடுத்துத் துணியை மெல்ல அவிழ்த்தார். "இப்ப நோகுதோ?"

"கொஞ்சம் பரவாயில்லை."

அவள் குரல் இளகியிருந்தது. எழுத்தாளருக்கு மெல்ல ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. "அப்ப மிச்சப் பதினொரு அத்தியாயத்தையும் வாசிக்கலாம்தானே?"

கோணேஸ்வரி கண்ணை மூடிக் கதிரையில் சாய்ந்தாள். "அதுகளை வாசிக்கத்தானே ஃபோன் இருக்கு."