நாக்கில் வேல், இடுப்பில் அவசரத் தொலைபேசி

பிள்ளைகளே, ஒரு மனிதனைக் கெடுக்க வேண்டுமென்றால் அவனுக்குப் பணமோ பதவியோ கொடுக்கத் தேவையில்லை. சிவப்பு உறை போட்ட ஒரு கைப்பேசியைக் கொடுத்து, "இது அடித்தால் நீ மட்டும்தான் எடுக்க வேண்டும்" என்று சொன்னால் போதும். மீதியை அவனே பார்த்துக்கொள்வான்.

யாழினி, போன வாரம் நீ கேட்டாய். நான் எதற்காவது பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால், தேவா மாமா ஏன் "விடுங்க லா, அவரு நாக்குல வேல் இருக்கு" என்று சொல்லிச் சிரிக்கிறார் என்று. மாமா சொல்கிற கதையில் நான் மயங்கி விழுகிறேன், மூன்று போலீஸ் வண்டிகள் வருகின்றன. அதெல்லாம் கட்டிவிட்ட கதை. நான் மயங்கவில்லை, போலீஸும் வரவில்லை. (வந்திருந்தால் தேவலை என்று அப்போது தோன்றியது.)

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. கமுந்திங் தொழிற்சாலையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவன், ஈப்போவில் ஒரு சின்ன ஏஜென்சியில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். முதலாளி திருமதி லிம். வெளிநாட்டு மாணவர்கள் விடுமுறையில் இங்கே வந்து கொஞ்ச நாள் வேலை செய்வார்கள். நம் குடும்பங்களில் தங்கி நம் பழக்கவழக்கங்களைத் தெரிந்துகொள்வார்கள். அதற்கு வேண்டிய ஏற்பாட்டை எல்லாம் செய்வதுதான் எங்கள் தொழில். அவர்களை அனுப்பியது நியூசிலாந்தில் இருந்த ஒரு கூட்டாளி ஏஜென்சி.

வருகிற பிள்ளைக்குத் தனி அறை வேண்டும். அறைக்கு ஜன்னல் வேண்டும், அந்த ஜன்னல் திறக்கவும் வேண்டும். வேனில் எல்லா இருக்கைக்கும் பெல்ட் வேண்டும். காப்புறுதி வேண்டும். பிள்ளைக்குத் தும்மல் வந்தால்கூட அன்றைக்கே கூட்டாளிக்குத் தெரியப்படுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவும் பகலும் ஆள் எடுக்கிற அவசரத் தொலைபேசி ஒன்று வேண்டும். அதுதான் அந்தச் சிவப்பு உறை போன். அதை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். குளிக்கும்போது பிளாஸ்டிக் பையில் போட்டுக் கதவில் தொங்கவிட்டேன். ஒரு சாவு வீட்டில் அது அடித்து, எல்லாரும் அழுகையை நிறுத்தும் அளவுக்கு உரக்க, "எமர்ஜென்சி லைன், குட் ஆஃப்டர்நூன்!" என்றேன். எதிர்முனையில் தண்ணீர் வடிகட்டி விற்கிற பெண்.

வேலை நிரந்தரமானால் தைப்பூசத்துக்கு நாக்கில் அலகு குத்திக்கொள்வதாக முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆறு மாதத்தில் நிரந்தரமாகிவிட்டது. அவர் பங்கை அவர் முடித்துவிட்டார். இனி என் பங்கு.

அந்தத் தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்னால்தான் திருமதி லிம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். கூட்டாளி ஏஜென்சியிலிருந்து மார்கரெட் என்கிற அம்மையார் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அவசர எண்ணுக்கு அழைப்பார். பொறுப்பாளர் எடுக்கிறாரா, கேட்டதற்கெல்லாம் பதில் தெரிகிறதா என்று பார்ப்பார். தேறினால் அடுத்த கூட்டம் பிள்ளைகள் வருவார்கள். தேறாவிட்டால் ஆபீசை மூட வேண்டியதுதான்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பக்கத்து மருத்துவமனை எது, காப்புறுதியில் என்னென்ன அடங்கும், பிள்ளை தங்கியிருக்கும் வீடு எங்கே என்று ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் ஐந்தாம் படிவத்தோடு நின்றிருக்க மாட்டேன். உங்கள் அம்மாவுக்கு அப்போது ஒரு கிளினிக் கவுண்டரில் வேலை. சமைத்துக்கொண்டே, "ஏங்க, 'பாலிசி'க்கு அப்புறம் மூச்சு விடுங்க" என்று திருத்துவாள். எனக்குக் கோபம் வரும்.

தைப்பூசம் வந்தது. போனை ஒருநாள் திருமதி லிம்மிடம் கொடுத்திருக்கலாம். அவரும் கேட்டார். நான்தான், "நோ நீட், பொஸ். நாடே லீவு. யாரு கூப்பிடப் போறா?" என்றேன். தைப்பூசத்துக்கு நியூசிலாந்தில் லீவு கிடையாது என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

ஈப்போவிலேயே புந்தோங் பகுதியில் அலகு குத்திக்கொண்டு, சுண்ணாம்புக் குன்றடிக் கோவிலுக்கு நடந்தோம். மஞ்சள் வேட்டி, உடம்பெல்லாம் திருநீறு, நாக்கில் குறுக்கே வெள்ளி வேல், இடுப்புத் துண்டில் முடிந்து வைத்த சிவப்பு போன். பக்கத்தில் தேவா மாமா "வேல் வேல்" சொல்லிக்கொண்டு வந்தார். உங்கள் அம்மா பால்குடத்தோடு பெண்கள் கூட்டத்தில் பின்னால் வந்தாள். எங்களிடம் வந்திருந்த பிள்ளைகளில் ஒருவனான லியாம் தேவா மாமா வீட்டில் தங்கியிருந்தான். அவனும் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு எங்களோடு வந்தான்.

உறுமி மேளம் உச்சத்தில் இருந்தது. எனக்கு மெல்ல மெல்ல அருள் வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து இடுப்பில் போன் அடித்தது. வந்த அருள் அப்படியே திரும்பிப் போய்விட்டது.

திரையில் மார்கரெட் பெயர். நான் தேவா மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அலமாக்! மச்சான், இது அந்தப் பரீட்சை அம்மா இல்ல? நான் பேசுறேன், நீ ரிலேக்ஸா இரு லா" என்று போனை உருவி, எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார்.

மாமாவின் ஆங்கிலத்தையும் அந்த அம்மாவின் ஆங்கிலத்தையும் தமிழிலேயே தருகிறேன். ஒன்றை நினைவில் வையுங்கள். மாமா அன்று ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"பொறுப்பாளர் பேசுகிறாரா?"

"பொறுப்பாளர் இங்கதான் இருக்காரு மேடம். ஆனா பேச முடியாது."

"ஏன்?"

"நாக்குல கம்பி குத்தியிருக்கு."



"யார் குத்தியது?"

"நாலு பேரு பிடிச்சுக்கிட்டாங்க, ஒருத்தரு குத்துனாரு. எல்லாம் தெரிஞ்ச ஆளுங்கதான். பயப்படாதீங்க."

"ரத்தம் வருகிறதா?"

"சேச்சே. வந்தா அவரு விரதம் சரியா இருக்கலன்னு அர்த்தம்."

"லியாம் எங்கே? அவனிடம் போனைக் கொடுங்கள்."

"இப்ப இங்க இல்ல மேடம். தலைய மழிக்கக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க."

"தலையையா? யார் மழிக்கச் சொன்னது?"

"என் வைஃப். அவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப, சரியானா மொட்டை போடுறதா வேண்டிக்கிட்டா. இப்ப சாமிக்குக் கொடுத்துத்தானே ஆகணும்?"

"காய்ச்சலா? எப்போது? எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?"

அந்தக் காய்ச்சல் விஷயம் எனக்கும் அப்போதுதான் தெரியும். (உங்கள் செல்வி அத்தை மிளகு ரசம் வைத்துக் கொடுத்து, வேண்டுதலும் போட்டு, விஷயத்தை முடித்துவிட்டிருக்கிறார். அதில் ஏஜென்சிக்கு என்ன வேலை என்பது அவர் எண்ணம்.) நான் கையை ஆட்டி மாமாவை நிறுத்தப் பார்த்தேன். அவர் அதை ஊக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"இப்ப நல்லா இருக்கான் மேடம். நெருப்புல நடக்கணும்னுகூட ஆசைப்பட்டான். அது வேற திருவிழான்னு சொல்லி வச்சிருக்கோம்."

"நான் உங்கள் ஊர் போலீசுக்கும் எங்கள் தூதரகத்துக்கும் அழைக்கப் போகிறேன். அதற்கு முன் அந்தப் பொறுப்பாளர் உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டும்."

இந்த இடத்தில் நான் சும்மா நின்றிருக்கலாம். சும்மா நிற்கும் புத்தி எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. போனைப் பிடுங்கி வீடியோவைத் தட்டினேன். என் முகத்தைப் பார்த்தால் அந்த அம்மா சமாதானமாகிவிடுவார் என்று எந்த நம்பிக்கையில் நினைத்தேனோ தெரியாது.

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் நான் தெரிந்தேன். திருநீறு வழிந்த நெற்றி, சிவந்த கண், வெளியே தொங்கும் நாக்கு, அதில் குறுக்கே வேல். நல்லபடியாக இருக்கிறேன் என்று காட்டப் புன்னகைத்தேன். நாக்கில் வேலோடு புன்னகைத்தால் எப்படி இருக்கும் என்று நீங்கள் கண்ணாடி முன் முயன்று பார்க்க வேண்டாம். அந்த அம்மா வீரிட்டார்.

"உங்கள் சொந்த விருப்பத்தில்தான் அங்கே இருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நாம் ஆமாம் என்பதற்கு எப்படி ஆட்டுவோம் என்று உங்களுக்குத் தெரியும். நியூசிலாந்தில் அது இல்லை என்று ஆகிவிட்டது.

"கடவுளே, இல்லை என்கிறார்!" என்றார் மார்கரெட்.

என் கண்முன்னே ஆபீஸ் படிக்கட்டும் அதில் தொங்கும் பூட்டும் தெரிந்தன. திரும்பவும் கமுந்திங், திரும்பவும் பெட்டி. இரண்டு வார்த்தை பேசினால் போதும், எல்லாம் சரியாகிவிடும். கோவிலோ இன்னும் தூரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேராமல் நாக்கிலிருந்து அலகைப் பிடுங்கினால் வேண்டுதல் முறியும். பிடுங்காவிட்டால் வேண்டிப் பெற்ற வேலை போகும். கை தானாக வாய்க்குப் போனது.

தேவா மாமா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்போது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. "வேணாம் மச்சான். வேல போனா வேற பாத்துக்கலாம். முருகன்கிட்ட சொன்ன வார்த்தை அது."

நான் நடுரோட்டில் நின்று அழுதேன். பார்த்தவர்கள் அருள் முற்றிவிட்டது என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஒருவர் குழந்தையைத் தூக்கி வந்து நெற்றியில் திருநீறு பூசச் சொன்னார். பூசினேன்.

அந்த நேரத்தில் பெண்கள் கூட்டம் எங்களை எட்டியது. உங்கள் அம்மா ஒரு கையால் தலையில் இருந்த பால்குடத்தைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்தாள், தன் அண்ணனைப் பார்த்தாள், அலறுகிற போனைப் பார்த்தாள்.

"அண்ணே, நீ என்னத்த சொல்லித் தொலைச்ச?"

"உண்மையத்தான் லா சொன்னேன்!"

"அதான் தெரியுது. குடு."

முதல் காரியமாக, நான் படத்தில் விழாதபடி போனைத் திருப்பினாள். பிறகு கிளினிக் கவுண்டரில் அழுகிற குழந்தைகளுக்கு மேலாகப் பேசிப் பழகிய குரலில், "குட் மார்னிங், மேடம். நான் அவர் மனைவி. யாரும் அவரைக் கட்டிப்போடவில்லை. இது எங்கள் பிரார்த்தனை. ஒரு மணி நேரத்தில் அவரே பேசுவார். நீங்கள் கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்" என்றாள்.

அந்த அம்மா கேட்டார். பக்கத்து மருத்துவமனை? சொன்னாள். காப்புறுதியில் என்னென்ன அடங்கும்? சொன்னாள், 'பாலிசி'க்குப் பின் மூச்சு விட்டு. பிள்ளை தங்கியிருக்கும் வீடு, அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை சொன்னாள். நான் மாதம் முழுக்கக் கூடத்தில் கத்தியதெல்லாம் அடுப்படியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. பால் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

கடைசியில் லியாம் வந்தான். மொட்டைத் தலையில் சந்தனம் அப்பி, தண்ணீர்ப் பந்தலில் வாங்கிய ரோஸ் சிராப் பையை உறிஞ்சிக்கொண்டு வந்தவன், "ஹாய் மார்கரெட்!" என்று போனுக்குள் தலையை நீட்டினான். என்னைக் காட்டி, "பார்த்தீர்களா, இவர்தான் எங்கள் பொறுப்பாளர்" என்றான். பெருமையாகத்தான் சொன்னான்.

கோவிலில் நாக்கிலிருந்து அலகை எடுத்தார்கள். ரத்தம் வரவில்லை. அதில் மட்டும் நான் தேறினேன்.

லீவு முடிந்து ஆபீஸ் போனேன். திருமதி லிம் மின்னஞ்சலை வாசித்தார். தேறியாயிற்று. இதுவரை யாரும் இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னதில்லையாம். அடுத்த கூட்டம் வருகிறது. காய்ச்சலை மறைத்ததற்கு ஒரு கண்டிப்பு. கடைசியாக, இனி அந்த அவசர எண்ணை யார் எடுக்க வேண்டும் என்று ஒரு வேண்டுகோள்.

"குமார், உன் வைஃப் இன்னும் கிளினிக்லதான் வேலையா?" என்று கேட்டார். பிறகு என் கழுத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் போனைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து வேன் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

உங்கள் அம்மா ஆபீசில் மேனேஜராக இருப்பதும், அப்பா வேன் ஓட்டுவதும் இப்படி வந்ததுதான். வேனில் எல்லா இருக்கைக்கும் பெல்ட் உண்டு என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இன்றும் தைப்பூசத்துக்கு நான் அலகு குத்திக்கொள்கிறேன். மார்கரெட் அம்மையாரும் அன்றைக்குத் தவறாமல் அழைக்கிறார். பரீட்சைக்காக இல்லை, சும்மாதான். உங்கள் அம்மா பால்குடத்தோடு நடந்துகொண்டே, முதல் மணியிலேயே எடுக்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"இன்றைக்கும் அவரால் பேச முடியாதா?"

உங்கள் அம்மா திரும்பி என்னைப் பார்க்கிறாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டுகிறேன்.

"முடியாது மேடம்," என்கிறாள். "கோவில் வந்தால் பேச ஆரம்பித்துவிடுவாரே என்றுதான் நான் மெதுவாக நடக்கிறேன்."