சிங்கம் யாரையும் குறிக்காது

பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களைப் புகழ்கிறவர்களிடம் ஒரு பொதுக்குணம் உண்டு. அவர்கள் அவற்றைத் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தேன். மகள் மைத்ரிக்குச் சோறூட்டும் நேரங்களில், கைப்பேசியில், வரிசையாக. (குழந்தைக்குக் கைப்பேசியைக் காட்டி ஊட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். நான்தான் பார்த்தேன். அவள் எட்டிப் பார்த்தது வேறு விஷயம்.)

அந்தத் தொடர்களில் மந்திரிகளைக் கிழித்தார்கள், அரசாங்கமே நடுங்கியது என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்தால், தொப்பை வைத்த ஒருவர் வருகிறார். அவருக்குக் கட்சி கிடையாது, ஊர் கிடையாது, என்ன துறை என்றுகூடத் தெரியாது. வெற்றிலையைத் துப்புகிறார், நாற்காலியிலிருந்து விழுகிறார். உடனே யாரோ டப்பாவில் அடைத்து வைத்த சிரிப்பைத் திறந்துவிடுகிறார்கள். இந்த வீரத்துக்குத்தான் எங்கள் மும்பை செம்பூர் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் தினமும் அஞ்சலி நடக்கும்.

அஞ்சலிக்குத் தலைமை மணி மாமா. குடியிருப்புச் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. “அந்தக் காலத்துல என்ன தைரியம், இப்போ எவனுக்கு இருக்கு” என்று காலையில் எழுதுவார். மத்தியானம் யாராவது ஒரு கேலிச்சித்திரம் போட்டால், “குழுவில் அரசியல் வேண்டாம்” என்று அழிக்கச் சொல்வார்.

ஒரு வருடம் கணபதி விழாவுக்கு முன்னால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“நீதான் தமிழ் எழுதுவியே. விழாவுக்கு ஒரு பொலிடிகல் காமெடி எழுதேன். பழைய சீரியல் மாதிரி சுருக்குன்னு இருக்கணும். எதுக்கும் பயப்படாதே, நான் இருக்கேன்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வாசலில் ஒரு குழி இருந்தது. சாக்கடைக்காகத் தோண்டிவிட்டு மறந்துபோனார்கள். ஆனால் எங்கள் வட்டார நகர்சேவக், அதாவது மாநகராட்சி உறுப்பினர், அதை மறக்கவில்லை. அவ்வப்போது வந்து, அதன் ஓரத்தில் தேங்காய் உடைத்து, பூமி பூஜை செய்து, படம் எடுத்துக்கொண்டு போவார். நான் அதையே நாடகமாக எழுதினேன். தேங்காய்களாலேயே குழி நிரம்பிவிடுவதுபோல முடித்திருந்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மணி மாமா படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, “சீஃப் கெஸ்ட் யார் தெரியுமோ” என்றார்.

அதே நகர்சேவக்.

“அவரைக் கூப்பிடாம பந்தலுக்கு யாரு பெர்மிஷன் தருவா” என்று என்னையே கேட்டார்.

அப்போதே நாடகம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு மாமாவிடம் மறுத்துப் பேச வராது. அதோடு இன்னொரு விஷயமும் இருந்தது. மைத்ரியை ஜூனியர் கேஜியில் சேர்க்க நாங்கள் ஆசைப்பட்ட பள்ளியில் இடம் கிடைக்க வேண்டுமானால், அந்த நகர்சேவக் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் கணவர் ரகு, நகர்சேவக்கின் உதவியாளர் செல்வத்தைப் பிடித்திருந்தார். செல்வம் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர். “சாப் பாத்துக்கிடுவாவ, கவலப்படாதீய” என்று சொல்லியிருந்தார். ஆக, என் பெண்ணின் படிப்பும் என் தேங்காய் ஜோக்கும் ஒரே குழிக்குள் கிடந்தன.

திருத்த ஆரம்பித்தேன். நகர்சேவக்கை மந்திரியாக்கினேன்.

“மந்திரியும் அவர் கட்சிதானே” என்றார் ரகு.

மந்திரியை ராஜாவாக்கினேன்.

“ராஜாவா? மராட்டிக்காரா ஊர்ல ராஜான்னா அவா மகாராஜாவைத்தான் நெனைச்சுப்பா, தெரியாதா? கல் விழும்டீ கொழந்தே” என்றார் மணி மாமா.

ராஜா சிங்கமானார். குழி, குளமாயிற்று. தேங்காயில் மதம் இருக்கிறது என்று விழாக் கமிட்டி சொன்னதால் அதுவும் போயிற்று. கடைசியில் மிஞ்சியது இதுதான்: குளக்கரையில் சோம்பேறிச் சிங்கம் தூங்குகிறது, முயல்கள் எழுப்புகின்றன. அரசியல் நையாண்டி என்ற பெயரில் நான் எழுதி முடித்தது பாலர் பள்ளி நாடகம். சிங்கமாக நடிக்க மணி மாமாவே முன்வந்தார். பிடரிக்கு ஒரு மஞ்சள் துண்டு.

விழா அன்று நகர்சேவக் முன்வரிசையில் கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரை விலக வேண்டிய நேரத்தில் எனக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. தூங்கும் சிங்கம் தான்தான் என்று அவர் நினைத்துவிட்டால்? பழைய தொடர்களில், பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே என்று முதலில் ஓர் அட்டை காட்டுவார்களே. எழுந்துபோய் மைக்கைப் பிடித்தேன். பள்ளியில் படித்த சுத்தமான ஹிந்தியில் அறிவித்தேன்:

“இந்த நாடகத்தில் வரும் சோம்பேறிச் சிங்கம் நமது மதிப்பிற்குரிய நகர்சேவக்ஜியை எந்த விதத்திலும் குறிக்காது. அதன் வயிறு அவருடைய வயிற்றைக் குறிக்காது. குளம், நம் வாசலில் உள்ள குழியைக் குறிக்காது.”

அதுவரை பந்தலில் ஒருவருக்கும் அப்படி ஓர் எண்ணமே இல்லை. இப்போது மொத்தக் கூட்டமும் அவரைப் பார்த்தது. பிறகு அவருடைய வயிற்றைப் பார்த்தது. அவர் முதல்முறையாகக் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

திரைக்குப் பின்னாலிருந்து சிங்கத்தின் குரல் மைக்கில் கேட்டது: “என்னடி பண்ணிண்டிருக்கே. நான் இப்போ வெளில வரணுமா, வேண்டாமா?”

சிங்கம் வந்தது. ஆனால் தூங்க மறுத்துவிட்டது. பயமே அறியாத மணி மாமா, நாடகம் முழுவதும் முன்வரிசையைப் பார்த்துக் கைகூப்பியபடி, கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு நின்றார். முழித்திருக்கும் சிங்கத்தை முயல்கள் எழுப்பு எழுப்பு என்று எழுப்பின. யாரும் சிரிக்கவில்லை.

ஒருவரைத் தவிர. நகர்சேவக் கண்ணீர் வரச் சிரித்தார். மேடையேறி என்னிடமிருந்து மைக்கை வாங்கினார். “அரே பாபி, ஷேர் தோ மை ஹீ ஹூன் நா?” என்றார். சிங்கம் நான்தானே, சொல்ல வேண்டியதுதானே அண்ணி, என்று கேட்கிறார். கேட்டதோடு நிற்காமல் மேடையிலேயே படுத்து மைக்கில் குறட்டை விட்டார். பந்தல் அதிர்ந்தது. தன் தொப்பையைப் பற்றி ஒன்று, மனைவியிடம் வாங்கும் திட்டு பற்றி ஒன்று என்று ஜோக்குகளாக அடுக்கினார். குழியைப் பற்றி மூச்சுவிடவில்லை. மணி மாமா பிடரியோடு அவருடன் செல்ஃபி எடுத்து, “என்ன ஒரு பெருந்தன்மை” என்று குழுவில் போட்டார்.

இடம் போயிற்று என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து, நாமே குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று ரகுவிடம் அழுதேன். அந்த வாரமே செல்வம் கூப்பிட்டார்.

“சீட்டு ஆயிட்டு மேடம். சாப் ரொம்ப ரசிச்சிட்டாவ. அடுத்த வருசம் அவங்க மேடையில பேச நாலு ஜோக்கு எழுதித் தரணுமாம். அவங்களையே நல்லாக் கிண்டல் பண்ணித் தாங்க.”

அன்றிலிருந்து வருடா வருடம் எழுதித் தருகிறேன். தொப்பை, குறட்டை, மூக்குக்கண்ணாடி. அவர் படிக்கிறார், ஜனங்கள் “எவ்வளவு எளிமையான மனுஷன்” என்று கைதட்டுகிறார்கள், ஓட்டும் போடுகிறார்கள். அதிகாரத்தைக் கேலி செய்து எழுதுகிறவள் என்று என்னை யாராவது அறிமுகப்படுத்தினால், மறுக்க முடியாது. அதிகாரம்தான் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

மைத்ரி மூன்றாம் வகுப்புக்குப் போனதும் எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்தது. இனி பள்ளியிலிருந்து எடுத்துவிட மாட்டார்கள் என்று (மாட்டார்கள்தானே?) பழைய தேங்காய் ஜோக்கை நடுவில் செருகி அனுப்பினேன். செல்வம் கூப்பிட்டார்.

“மேடம், தொப்பை, கொறட்டை, எது வேணும்னாலும் எழுதுங்க. குழி மட்டும் வேண்டாம்னு சொல்லுதாவ. பர்சனலாப் போவ வேண்டாமாம்.”

எடுத்துவிட்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் இதுதான் சட்டம். சமையலறைக் குழாய் ஒழுகுகிறதே, எப்போது ஆளைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டால், ரகு தன் வழுக்கையைத் தடவிக் காட்டுகிறார். “இதை என்ன வேணா சொல்லு. குழாய் விஷயத்துல பர்சனலாப் போகாதே.” நேற்று மைத்ரியிடம் கணக்குப் பரீட்சை மார்க்கைக் கேட்டேன். அவள் தன் ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரித்தாள்.