விலங்குத் தாக்குதல் பிரிவில் கூடலிங்கம்

ஆவணங்கள் தொலையக் கூடாது என்று கம்பெனி முடிவு செய்தது. நல்ல முடிவு. அதுவரை எங்கள் எஸ்டேட் ஆபீசில் ஆவணம் எதுவும் தொலைந்ததில்லை. இரண்டு குடையும் ஒரு சுவர்க் கடிகாரமும்தான் தொலைந்திருந்தன. ஆனாலும் கொச்சியில் இருக்கும் தலைமை அலுவலகம், தொலையாததையும் தொலையாமல் காப்பதே முன்னேற்றம் என்று கருதி, 'ஹில் கனெக்ட்' என்ற போர்ட்டலை எங்களுக்கு வழங்கியது.

போடிமெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், எல்லைக்குக் கேரளப் பக்கம், தேயிலைக்கு நடுவே ஓடு வேய்ந்த கட்டடம் எங்கள் ஆபீஸ். மலையாள வருடப் பிறப்பான சிங்க மாதம் ஒன்றாம் தேதி மேனேஜர் ராஜசேகர் நிலவிளக்கு ஏற்றிப் போர்ட்டலைத் தொடங்கி வைத்தார். அன்று கரண்ட் இல்லை. கறுத்துக் கிடந்த கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பார்ப்பதற்கு யாரோ தவறிவிட்ட வீடு மாதிரிதான் இருந்தது. ஆனால் பாயசம் கொடுத்தார்கள்.

பயிற்சி கொடுக்க வினோ என்ற இளைஞர் வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, அதில் 'மாற்றத்தின் தூதர்' என்று பதவி. "இனிமே யாரும் யாரையும் கேட்க வேண்டாம். போர்ட்டலைக் கேட்டாப் போதும்" என்றார்.

அதுவரை நாங்கள் பொன்ராஜைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பொன்ராஜ் தலைமைக் கிளார்க். முப்பத்தொரு வருட சர்வீஸ். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு நிறத்தில் கயிறு, ஒரு தட்டு. "நாப்பத்தெட்டாம் வருஷத்துச் செக்ரோல்" என்றால், "பச்சைக் கயிறு, மூணாவது தட்டு" என்று சொல்லிக்கொண்டே எடுத்துவிடுவார். செக்ரோல் என்பது அந்தக் காலத்தில் தினமும் வேலைக்கு வந்தவர்களின் பெயர் எழுதிய புத்தகம். வினோ தன் செல்போனில் நேரம் பார்த்தார். பன்னிரண்டு வினாடி.

"இது சிஸ்டம் இல்லை சார், இது நீங்க. நீங்க லீவு போட்டா?"

"போட்டதில்லை."

"செத்துப் போனா?"

பொன்ராஜ் யோசித்தார். "அதுக்கும் லீவு லெட்டர் குடுக்கணுமா தம்பி?"

இப்படியாகப் பன்னிரண்டு வினாடி வேலையை எளிமைப்படுத்தும் பணி தொடங்கியது. நான்கு மாதம் பொன்ராஜ் புத்தகங்களைப் படம் எடுத்து ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். அதில் 'ஆவணத்தின் தற்போதைய நிலை' என்று ஒரு கட்டம். அதை நிரப்பாவிட்டால் போர்ட்டல் நகராது. பொன்ராஜ் நேர்மையானவர். செக்ரோலை நன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரத்தில் எலி கடித்திருக்கிறது" என்று எழுதினார். மூன்றாம் தட்டு முழுவதும் அப்படித்தான். நான்காம் தட்டுக்கு மட்டும் பாச்சை உருண்டை போடப்பட்டிருந்ததால் அங்கே எலி அண்டவில்லை. அதைப் போட்டவன் நான். வெளிநாட்டில் இருபது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஊர் திரும்பி, இந்த ஆபீசில் சேர்ந்த முதல் வாரத்தில் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

எந்தப் புத்தகம் எந்தப் பிரிவு என்று நாங்கள் கவலைப்பட வேண்டாம், அதைக் கம்ப்யூட்டரின் செயற்கை அறிவே பிரித்துக்கொள்ளும் என்றார் வினோ. நாங்களும் கவலைப்படவில்லை.

பிறகு சுற்றறிக்கை வந்தது. 'போர்ட்டலில் இல்லாத ஆவணம், ஆவணம் அல்ல. போர்ட்டலிலிருந்து இறக்கிய பிரதிக்கு மட்டுமே கம்பெனியின் முத்திரை உண்டு.' அதன்படி மர அலமாரியின் கண்ணாடிக் கதவு பூட்டப்பட்டு, சாவி கூரியரில் கொச்சிக்குப் போனது. புத்தகங்கள் கண்ணாடிக்குப் பின்னால், கோயில் உற்சவமூர்த்திகளைப் போலப் பாதுகாப்பாக இருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை மாரீஸ்வரி வந்தாள். இரண்டாம் டிவிஷனில் கொழுந்து எடுப்பவள். கூட அவள் மகள் சிவசங்கரி.

"கிளார்க்கையா, பிள்ளைக்கு நர்ஸிங் சீட்டு கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சாதிச் சர்டிபிகட் குடுக்கணுமாம். இல்லைன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும். வில்லேஜ் ஆபீசுல, அம்பதாம் வருஷத்துக்கு முன்னாடியே உங்க குடும்பம் இங்கன இருந்துச்சான்னு கேக்காக. எங்க வீட்டுக்காரரு தாத்தா கூடலிங்கம் பேரு செக்ரோலுல முதப் பக்கத்துல முதப் பேரா இருக்குன்னு நீங்கதான சொன்னீக?"

"ஆமா. இருக்கு."

"அந்தா, பச்சைக் கயிறு தெரியுது பாருங்க."

"தெரியுது. ஆனா அது இப்ப ஆவணம் இல்லை."

மாரீஸ்வரி கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். "பின்ன என்ன, கருவாடா?"

சிவசங்கரி மேனேஜரிடம் போனாள். "பூட்டை உடைச்சா என்ன சார்?"

"தாராளமா உடைக்கலாம்" என்றார் ராஜசேகர். அவர் இரக்கமுள்ளவர். "பூட்டு உடைக்கிற அனுமதிப் படிவம் போர்ட்டல்ல இருக்கு. அதை இறக்கிட்டா இப்பவே உடைச்சிரலாம்."

பொன்ராஜ் போர்ட்டலைத் திறந்தார். 'நீங்கள் கம்பெனியின் செயற்பகுதிக்கு வெளியே இருக்கிறீர்கள்' என்றது திரை.

காரணம் எளிமையானது. முந்தின வாரம் ஒற்றை யானை ஒன்று கேபிள் கம்பத்தில் முதுகு சொறிந்ததில் கம்பம் விழுந்துவிட்டது. அதனால் செல்போன் வழியாக இன்டர்நெட் எடுத்தோம். எங்கள் செல்போன்களுக்கு எப்போதும் தமிழ்நாட்டுப் பக்கம், போடிச் சரிவில் இருக்கும் டவர்தான் கிடைக்கும். போர்ட்டலுக்கோ கேரளத்துக்கு வெளியே இருப்பவர்களைப் பிடிக்காது.

பொன்ராஜ் வினோவுக்குப் போன் போட்டார்.

"சார், நீங்க இப்ப தமிழ்நாட்டில இருக்கீங்க" என்றார் வினோ.

"தம்பி, நான் முப்பத்தொரு வருஷமா இதே நாற்காலில இருக்கேன்."

"சிஸ்டம் அப்படிக் காட்டலையே சார்."

"நீங்களே வந்து பாயசம் குடிச்சீங்களே, அந்த ஆபீசு தம்பி!"

"நான் நம்பறேன் சார். ஆனா நான் நம்பறதுக்குப் போர்ட்டல்ல இடம் இல்லை. ஆபீஸ் கேரளாவிலதான் இருக்குன்னு வில்லேஜ் ஆபீசர்கிட்ட ஒரு சர்டிபிகட் வாங்கி அனுப்புங்க. உடனே சரி பண்ணிரலாம்."

புதன்கிழமை காலை வில்லேஜ் ஆபீஸ் வரிசையில் மாரீஸ்வரிக்குப் பின்னால் பொன்ராஜ் நின்றார். அவர் கையிலும் அதே அபேக்ஷை. மலைமேல் விண்ணப்பத்துக்கு அதுதான் பெயர். 'விண்ணப்பதாரரின் தந்தை பெயர்' என்ற இடத்தில் கம்பெனியின் பெயரை எழுதியிருந்தார். 'தொழில்: தேயிலை.'

வில்லேஜ் ஆபீசர் நியாயமான மனிதர், மலையாளி. எங்களிடம் தமிழில் பேச முயற்சி செய்பவர். இரண்டு காகிதத்தையும் சமமாகப் படித்தார். "ரெண்டு பேருக்கும் நியமம் ஒண்ணுதான். அம்பதுக்கு முன்னே இவிடெ இருந்ததுக்கு ரேகை வேணும். கம்பெனி முத்திரையோட." ரேகை என்றால் அவர் பாஷையில் ஆவணம்.

"சார், நாற்பத்தெட்டாம் வருஷத்துச் செக்ரோல் இருக்கு."

"கொண்டு வாங்க. குழப்பம் இல்ல."

வெளியே வந்ததும் மாரீஸ்வரி சிரித்தாள். "என்ன கிளார்க்கையா, ஆபீசும் எங்க சாதியாப் போச்சா?"

முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாகப் பொன்ராஜ் ஒரு காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை யோசனை சொன்னது சிவசங்கரிதான். "போர்ட்டல் கேரளாவுக்குள்ளதான் திறக்கும்னா, நம்ம கேரளாவுக்குப் போவோம்."

சொன்னதில் ஒரு குறையும் இல்லை. மேனேஜர் வெளியூர்ப் பயண அனுமதியில் கையெழுத்துப் போட்டார். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பொன்ராஜ் ஜீப்பின் முன்சீட்டில் ஏற, மாரீஸ்வரியும் மகளும் நானும் பின்னால் ஏறினோம். பூப்பாறைச் சாலையில் ஜீப் மலையிறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் சிவசங்கரி செல்போனை உயர்த்திப் பார்த்தாள். "தமிழ்நாடு... தமிழ்நாடு... இன்னும் தமிழ்நாடு..." நான்காவது வளைவில், சூசையப்பன் டீக்கடை வாசலில், "கேரளா!" என்று கத்தினாள். ஜீப் நின்றது.

சூசையப்பன் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். "என்ன பொன்ராஜண்ணே, கூட்டமா?"

"கேரளாவுக்கு வந்திருக்கோம்."

"அப்ப இத்தனை நாளா எங்க இருந்தீக?"

"அதைத்தான் சூசை விசாரிச்சுட்டு இருக்கோம். அஞ்சு டீ போடு."

பெஞ்சில் லேப்டாப் திறந்தது. போர்ட்டல் திறந்தது. 'வருக' என்றது. 'செக்ரோல்' என்று தேடினார் பொன்ராஜ். முடிவுகள் இல்லை. '1948' என்று தேடினார். கம்பெனியின் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு தேயிலைப் பெட்டிகளின் பட்டியல் வந்தது. 'பச்சைக் கயிறு' என்று தேடினார். கயிறு வாங்க டெண்டர் விடும் முறை வந்தது. தன் கையால் ஏற்றிய புத்தகம். நான்கு மாத உழைப்பு.

"ஐயா," என்றாள் மாரீஸ்வரி, "அந்தப் பொஸ்தகத்தைப் பத்தி வேற என்ன எழுதிப் போட்டீக?"

"ஒண்ணும் இல்ல. நிலைமையை எழுதினேன். எலி கடிச்சிருக்குன்னு."

"அதைப் போட்டுப் பாருங்க."

போட்டார். வந்துவிட்டது.

செயற்கை அறிவு அதை 'பணியிடப் பாதுகாப்பு' என்ற தலைப்பின் கீழ், 'விலங்குத் தாக்குதல்' என்ற பிரிவில் வைத்திருந்தது. முன்னால் ஒரு காட்டெருமை, பின்னால் இரண்டு யானை. நடுவில் எங்கள் செக்ரோல். எலி என்ற சொல்லும் கடி என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் அது விபத்து என்று புரிந்துகொண்ட போர்ட்டல், விபத்துக்கு ஒரு பாதிக்கப்பட்டவர் வேண்டுமே என்று முதல் பக்கத்தின் முதல் பெயரை எடுத்திருந்தது.

'பாதிக்கப்பட்டவர்: கூடலிங்கம். ஆண்டு: 1948. இடம்: எஸ்டேட், இடுக்கி, கேரளம். சம்பவம்: எலிக்கடி. சிகிச்சை: நிலுவையில்.'

"கூடலிங்கம் தாத்தாவை எலி கடிச்சுச்சா?" என்றாள் சிவசங்கரி.

"கடிக்காமலா இருந்திருக்கும்?" என்றாள் தாய். "லயத்து வீட்டுல நம்மளையே கடிக்குது."

பிரதியை இறக்கக் காரணம் கேட்டது போர்ட்டல். கீழே நான்கு விடைகள். சிவசங்கரி சற்று யோசித்துவிட்டு, 'நான் பாதிக்கப்பட்டவரின் இரத்த உறவினர்' என்பதைத் தொட்டாள். பொய் இல்லையே. 'உங்கள் வேதனையில் கம்பெனி பங்கு கொள்கிறது' என்று திரை சொன்னது. முத்திரை, கோடுகள் நிறைந்த சதுரக் கட்டம், தேதி எல்லாவற்றுடன் பிரதி இறங்கியது. சூசையப்பன் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். துக்க வீட்டில் வாங்கக் கூடாதாம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வில்லேஜ் ஆபீசர் அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சதுரக் கட்டத்தைச் செல்போனில் காட்டினார். அது பச்சை நிறத்தில் சம்மதித்தது.

"நல்ல ரேகை" என்றார். "எலி கடிக்கும்போது ஆள் இவிடெத்தான் இருந்திருக்கார். இதிலே சம்சயமே இல்ல."

கையெழுத்துப் போட்டார். சிவசங்கரி மதியம் ஒரு மணிக்குள் கல்லூரியில் சர்டிபிகட்டைக் கொடுத்துவிட்டாள். அதே காகிதத்தின் நகலைக் காட்டிப் பொன்ராஜும், எங்கள் ஆபீஸ் கேரளத்தில்தான் இருக்கிறது என்பதற்குச் சான்று வாங்கிவிட்டார். எலி ஆபீசில்தானே கடித்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தோம். அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: 'கூடலிங்கம் என்பவரின் சிகிச்சை இத்தனை ஆண்டுகள் நிலுவையில் இருப்பது ஏன்? தற்போதைய நிலவரம் என்ன?' ஆபீசின் சான்று இன்னும் கொச்சியில் பரிசீலனையில் இருந்ததால், பொன்ராஜ் டீக்கடைக்குப் போய்ப் பணிவுடன் பதில் எழுதினார்: 'கொள்ளுப்பேத்தி நர்ஸிங் சேர்ந்திருக்கிறார். நான்கு வருடத்தில் முடித்ததும் ஆவன செய்யப்படும்.' கம்பெனி திருப்தி அடைந்தது. பொறுப்பான பின்தொடர்தலுக்காக எங்கள் எஸ்டேட்டுக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் வந்தது. அது போர்ட்டலில் இருக்கிறது என்றார்கள். இன்னும் கிடைக்கவில்லை.

விஷயம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் பரவியது. திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் முப்பத்துநான்கு பேர். "எங்க பாட்டனாரையும் எலி கடிச்சதாப் போட்டுக் குடுங்கய்யா." பொன்ராஜ் கொதித்துவிட்டார். பொய்யாக ஒரு எழுத்தும் எழுத மாட்டேன் என்றார். பிறகு நிதானமாகக் கண்ணாடிக்கு வெளியே நின்று மூன்றாம் தட்டைப் பார்த்தார். அங்கே எல்லாப் புத்தகத்தையும் எலி கடித்துத்தான் இருந்தது. யார் கேட்டாலும், அவர் பாட்டனார் பெயருள்ள பக்கத்தின் படத்துக்குத் தனிப் படிவம் போட்டு, உண்மையை எழுதினார். மீதியைப் போர்ட்டல் பார்த்துக்கொண்டது. இப்போது வில்லேஜ் ஆபீசில், "எலிக்கடி உண்டோ?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

பிரச்சினை நான்காம் தட்டுக்காரர்களுக்குத்தான். ஓரம் கிழியாமல், எழுத்து மங்காமல், புத்தம் புதிதாகப் பாதுகாக்கப்பட்ட புத்தகங்களில் இருக்கும் பதினொரு குடும்பங்கள், எந்தச் சொல்லைத் தேடினாலும் போர்ட்டலில் அகப்படாததால், இந்த மலையில் ஒரு காலத்திலும் இருந்ததில்லை. பதினொன்றில் ஒன்று என் தாத்தாவுடையது. என் மகளுக்கு வருகிற ஜூனில் அட்மிஷன்.

பொன்ராஜிடம் கெஞ்சிப் பார்த்தேன். "கடிச்சா எழுதுறேன். கடிக்காம எப்படி எழுத?" என்றார். "உன்னை யாரு பாச்சை உருண்டை போடச் சொன்னது?"

அலமாரிச் சாவி இன்னும் கொச்சியில்தான் இருக்கிறது. ஆனால் பின்பக்கப் பலகையில், நான்காம் தட்டுக்கு நேராக, ஒரு ஓட்டை உண்டு. அது வழியாக ஒரு கம்பியை விட்டுப் பாச்சை உருண்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டேன். தினமும் சாயங்காலம் ஆபீஸைப் பூட்டும் முன்பு, ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் கருவாடு வைத்துவிட்டுப் போகிறேன். மற்ற பத்துக் குடும்பத்துக்காரர்களும் முறை வைத்துக் கருவாடு கொண்டுவருகிறார்கள்.